முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது

திருவாரூர் கமலாலயக் குளக்கரையில் ஒரு சாயங்காலம். விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தார். நான் ஆறு வருடம் மூளை ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு கிடந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“சார், டிப்ரஷன் வந்தா மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணணும். அதுக்கு நீட் எழுதணுமா?”

அம்மா குறுக்கே வந்தார். “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அவங்க நமக்குச் சம்பளம் தருவாங்களா, இல்ல நாமதான் ஃபீஸ் கட்டணுமா?”

அம்மாவின் கேள்விதான் உருப்படியானது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தருவார்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரியில் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். பிறகு முதுநிலைக்கு உயர்ந்து எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டு வரை ஓடும். ஆனால் ஒன்றாம் தேதி பணம் வந்துவிடும் என்று நம்பிச் சீட்டில் சேர்ந்துவிடாதீர்கள். எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் வரவில்லை. மெஸ் பாக்கி ஏறியது, அறை வாடகைக்கு நண்பன் கை கொடுத்தான், ஊரில் அப்பாவிடம் வாரா வாரம் “வந்துடும்ப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைக்காமல் இந்த வேலைக்குள் இறங்க வேண்டாம்.

இப்போது நீட். நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே ஆராய வேண்டும் என்றால் எம்.பி.பி.எஸ்., அப்புறம் மனநல மருத்துவத்தில் எம்.டி. அதற்கு நீட் வேண்டும். பேசிக் குணப்படுத்தும் உளவியலாளராக வேண்டும் என்றால் மருத்துவ உளவியல் படிப்பு. அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். சான்றிதழை வைத்துக்கொண்டு பதிவு செய்ய முடியாமல் அலைகிறவர்களை எனக்குத் தெரியும். இந்தப் பெண் கேட்டது மூன்றாவது வழி: செல், நரம்பு, எலி, நுண்ணோக்கி. அதற்குப் பி.எஸ்சி. விலங்கியல் போதும், தாவரவியல் போதும், இயற்பியல்கூடப் போதும்.

ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். நம் பத்திரிகைகள் ஸ்ட்ரெஸ்ஸையும் மன அழுத்தம் என்கின்றன, டிப்ரஷனையும் மன அழுத்தம் என்கின்றன. ஆய்வுக்கூடத்தில் இந்தக் குழப்பத்தோடு நுழைந்தால் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள். அழுத்தம் என்பது வெளியிலிருந்து வரும் நெருக்கடிக்கு உடம்பு கொடுக்கும் பதில்; தேர்வுக்கு முந்தைய இரவு எல்லோருக்கும் வரும். மனச்சோர்வு என்பது நோய். முதலாவது நீடித்தால் சிலருக்கு இரண்டாவதில் கொண்டுபோய் விடுகிறது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஏன் சிலருக்கு மட்டும் என்பதுதான் இந்தத் துறையின் கேள்வி. நாளைக்கு உங்களுக்கு வேலை கொடுக்கப்போவதும் அதுதான்.

எலியின் பத்து நாள்

பெங்களூரிலிருந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் துறையில் நேர்காணலுக்குப் போகக் கூடாது. என்.சி.பி.எஸ். என்னும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழுவும், நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சங்கரநாராயண ராவும் சேர்ந்து செய்தது. எலிகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் அசைய முடியாதபடி அடைத்து வைத்தார்கள். பத்து நாள். அடி இல்லை, ஊசி இல்லை. நகர முடியாது, அவ்வளவுதான்.

அதற்கு முன்பே நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்கீவன் குழு, நீண்ட அழுத்தத்தில் ஹிப்போகாம்பஸின் நரம்புக் கிளைகள் சுருங்குவதைக் காட்டியிருந்தது. கடல்குதிரை வடிவத்தில் இருக்கும் இந்தப் பகுதிதான் நினைவுக்கு வாசல். எனவே அழுத்தம் வந்தால் மூளை வாடும் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். பெங்களூர் எலிகளின் ஹிப்போகாம்பஸும் வாடித்தான் இருந்தது. ஆனால் பாதாம் பருப்பு அளவில் உள்ளே பதுங்கியிருக்கும் அமிக்டலாவில், பயத்தையும் பதற்றத்தையும் கவனிக்கும் இடத்தில், கிளைகள் வளர்ந்திருந்தன. ஒரே எலி, ஒரே அழுத்தம். ஓர் இடம் பட்டுப்போகிறது. இன்னோர் இடம் செழிக்கிறது.

2004இல் அதே குழு அடுத்த அடி வைத்தது. பத்து நாள் அழுத்தத்துக்குப் பிறகு 21 நாள் எலியைச் சும்மா விட்டார்கள். ஹிப்போகாம்பஸ் இப்படி ஓய்வு கொடுத்தால் தேறக்கூடியது. அமிக்டலா தேறவில்லை. வளர்ந்தது வளர்ந்தபடியே இருந்தது, பதற்றமும் அப்படியே. 2005இல் வந்ததுதான் எனக்கு இன்றும் பிடித்த ஆய்வு. ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம் மட்டும் அடைத்தார்கள். மறுநாள் பார்த்தால் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் பார்த்தால் அமிக்டலாவின் நரம்புக் கிளைகளில் முள் போன்ற புதுப்புதுப் புடைப்புகள் முளைத்திருந்தன, எலி பயந்து ஒதுங்கியது. கஜா புயல் போய்ப் பல வாரங்கள் கழிந்தும் காற்றடித்தால் விழித்துக்கொண்ட முத்துப்பேட்டைக்காரர்களை எண்ணிக்கொண்டேன். எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவது தவறு, தெரியும். எண்ணிக்கொண்டேன் என்றுதான் சொல்கிறேன்.

உள்ளே நடப்பதை ஆரூர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். நெருக்கடி வந்தால் ஹைப்போதலாமஸ் ஒரு சுரப்பை விடுகிறது, அது பிட்யூட்டரியைத் தட்டுகிறது, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டுகிறது, கார்டிசால் ஓடி வருகிறது. ஓட, சண்டை போட, விழித்திருக்க அது வேண்டும். தேர் கிளம்பிவிட்டது. நிறுத்துவது யார்? 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்லும் திருவாரூர்க் கோயில் ஆழித்தேரை இழுக்க ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஹைட்ராலிக் பிரேக் வந்த பின்னும் வீதி முனையில் தேரைத் திருப்ப அந்தக் கட்டைதான் வேண்டும். ஹிப்போகாம்பஸ் அப்படிக் கட்டை போடும் ஆள். கார்டிசால் ஏறிவிட்டதை உணர்ந்து “போதும், நிறுத்து” என்று ஹைப்போதலாமஸுக்குச் சொல்வதில் அதற்குப் பெரிய பங்கு. வாரக்கணக்கில் அழுத்தம் நீடித்தால் கட்டை போடும் ஆள் மெலிகிறான், வடம் இழுக்கும் அமிக்டலா பருக்கிறது. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் திட்டு. மூளைக்கு அது இல்லாவிட்டால் தேர் வீட்டுச் சுவரில் மோதும்.

மனிதர்களில், மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சராசரியாகச் சற்றே சிறிதாக இருப்பதைப் பெரிய எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து “உனக்கு டிப்ரஷன்” என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிக் காசு கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நாள் முழுக்க என்ன வேலை

சினிமாவில் வரும் நீலத் திரவமும் கண்ணாடிக் குடுவையும் இல்லை. பாதி நாள் எலி, பாதி நாள் எண்ணிக்கை.

என் கை பழகியது கோல்கி சாயத்தில். 1873இல் இத்தாலியின் கமிலோ கோல்கி கண்டுபிடித்த முறை, இன்றும் ஓடுகிறது. மூளைத் துண்டை பொட்டாசியம் டைகுரோமேட்டில் நாள்கணக்கில் ஊற வைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போட்டு, இருட்டில் மூடி வைக்க வேண்டும். கையுறையை மீறி விரல் நுனி கறுக்கும். ஊருக்கு வந்தால் அம்மா மருதாணியா என்று கேட்பார். நூறு நரம்புச் செல்லில் ஓரிரண்டுதான் சாயம் பிடிக்கும். ஏன் அந்த ஓரிரண்டு மட்டும் என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆனால் பிடித்தது முழுசாகப் பிடிக்கும். மஞ்சள் பின்னணியில் கறுப்பாக, அடி வேரிலிருந்து நுனிக் கிளைவரை ஒரு மரம். கிளையை நெருங்கிப் பார்த்தால் கருவேல முள் மாதிரி சின்னச் சின்னப் புடைப்புகள். அவற்றை எண்ண வேண்டும். பத்து மைக்ரோமீட்டருக்கு எத்தனை. எந்த ஸ்லைடு அழுத்தம் பட்ட எலியுடையது, எது படாதது என்பது எண்ணுகிறவனுக்குத் தெரியக் கூடாது. சீட்டில் ஓர் எண் மட்டும் இருக்கும். நான் எண்ணி முடித்துச் சீட்டைப் பிரித்தபோது இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போன மாதமும் உண்டு. நான்கு மாத வேலை அது.

எலியைத் தொடுமுன் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலியைக் குறைக்க என்ன செய்வாய் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். உயிரைக் கொல்வது ஒத்துவராது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. எலி இல்லாத மூளை ஆய்வும் இருக்கிறது: மனித எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., கணினி மாதிரிகள். 2022இல் தொடங்கிய ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்து, செல் அளவுக்கு வரைபடம் செய்கிறார்கள். அங்கே உயிரியல் படித்தவர்களோடு பொறியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு சோதனையைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எலியைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டு, எவ்வளவு நேரம் நீந்துகிறது, எப்போது மிதந்தபடி நின்றுவிடுகிறது என்று பார்ப்பது. 1977இல் போர்சோல்ட் அறிமுகப்படுத்தியது. நின்றுவிட்ட எலி ‘நம்பிக்கையிழந்த’ எலி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தண்ணீரில் தெம்பை மிச்சம் பிடிக்கத் தெரிந்த எலி என்றும் அதைச் சொல்லலாம். அந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து ‘மனச்சோர்வுக்கு மருந்து’ என்று தலைப்புப் போடும் ஆய்வுக்கூடத்தில் சேராதீர்கள் என்பது என் கட்சி.

பிடி இருக்கிறதா, இல்லையா

தை மாதம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே ஓர் இரவு தங்கிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி சீக்கிரம் புரியும். களத்தில் நெல் கொட்டிக் கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பகலில் காய வைத்து, புரட்டி, மீட்டர் 17 காட்டும் நேரத்தில் மேகம் திரளும். தார்ப்பாய் இழுத்து மூடுவார்கள். காலையில் பனி. மீட்டர் 19 காட்டும். சாக்கு வரவில்லை என்பார்கள், லாரி வரவில்லை என்பார்கள். குவியலுக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கும் குத்தகைக்காரர் உழைக்காதவர் இல்லை. என்ன செய்தாலும் முடிவு தன் கையில் இல்லை என்பதுதான் அவரை அரிப்பது.

இதை மூளையில் தேடிப் போனவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் மேயர். 1967இல் செலிக்மனும் அவரும் தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பிறகு வழி இருந்தும் தப்பிக்க முயலவில்லை என்று காட்டினார்கள். ‘கற்றுக்கொண்ட கையறு நிலை’ என்று அதற்குப் பெயர் வந்தது, பாடப்புத்தகத்தில் ஏறியது. பின்னாளில் எலிகளை வைத்து மேயர் செய்தது நுட்பமானது. இரண்டு எலிகளுக்கு ஒரே அதிர்ச்சி, ஒரே நேரம், ஒரே அளவு. ஓர் எலியிடம் ஒரு சக்கரம் இருக்கும். அது சுற்றினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். மற்றதன் கையில் ஒன்றுமில்லை. சக்கரம் இருந்த எலி பெரும்பாலும் தேறியது, மற்றது துவண்டது. பட்ட அதிர்ச்சியில் துளி வித்தியாசமில்லை. பிடி இருந்தது, இல்லை, அவ்வளவுதான்.

2016இல், ஐம்பது வருடத்துக்குப் பிறகு, இருவரும் சேர்ந்து தங்கள் பழைய கருத்தையே திருப்பிப் போட்டார்கள். கையறு நிலையை மூளை கற்றுக்கொள்வதில்லை. நீண்ட துன்பத்தில் துவள்வதுதான் அதன் பிறவிக் குணம், மூளைத்தண்டில் செரட்டோனின் செல்கள் பொங்குவதால் அது நடக்கிறது. மூளை கற்றுக்கொள்வது பிடியைத்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி “இது என் கையில் இருக்கிறது” என்று கண்டால் கீழே அந்தப் பொங்குதலை அடக்குகிறது. ஒரு முறை கற்ற மூளை, அடுத்த நெருக்கடியிலும் அதைப் பயன்படுத்துகிறது. தனக்குப் பெயர் சம்பாதித்துக் கொடுத்த கோட்பாட்டைத் தானே கவிழ்ப்பது எந்தத் துறையிலும் அபூர்வம்.

நான் இதைச் சொல்வது பாடம் நடத்த அல்ல. ஆய்வு மாணவரின் வாழ்க்கை அந்தச் சக்கரமில்லாத எலியின் வாழ்க்கையாக எளிதில் மாறிவிடும் என்பதால். 2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பு வந்தது. பெரும்பாலோர் முனைவர் பட்ட மாணவர்கள். பொது மக்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் அவர்களிடம் ஆறு மடங்குக்கும் மேல் தெரிந்ததாக அதில் எழுதினார்கள். தானாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு அது, கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும் அதிகம்தான்.

வழி

இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யலாம், போகவரச் செலவும் உதவித்தொகையும் தருவார்கள். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். சம்பா நடவு முடிந்து பார்க்கலாம் என்றால் போச்சு. அந்த இரண்டு மாதம் மதிப்பெண் பட்டியலைவிடப் பெரியது. எலியைப் பிடிக்க உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

எம்.எஸ்சி.க்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2009இல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் நீலக்குடியில், டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது. உயிர் அறிவியல் படிப்புகளுக்கு சி.யு.இ.டி. முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நம் வட்டாரப் பிள்ளைகள் பலர் அந்தத் தேர்வு என்றால் டெல்லிக்காரர்களுக்கு என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பமே போடுவதில்லை. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழக விலங்கு அறிவியல் துறையில் நடத்தை நரம்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. எலி, வௌவால் இரண்டையும் வைத்து நினைவையும் அழுத்தத்தையும் ஆராய்கிறார்கள். சென்னைத் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்து உடலியங்கியல் துறை, நாளுக்கு நான்கு மணி நேரம் 100 டெசிபல் சத்தம் எலியின் மூளையை என்ன செய்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்திருக்கிறது. ஏர்ஹாரன் அடிக்கும் பஸ்ஸில் தினம் போய்வருகிறவர்களுக்கு அது அந்நியமான ஆராய்ச்சியாகத் தோன்றாது.

முனைவர் பட்டத்துக்கு நெட் ஒரு கதவு. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆர்., என்.சி.பி.எஸ். போன்றவற்றுக்கு ஜி.எஸ். உயிரியல் தேர்வு எனப்படும் ஜே.ஜி.இ.இ.பில்ஸ் தனிக் கதவு. இதில் மனப்பாடம் உதவாது. ஒரு படத்தைக் கொடுத்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், எந்த முடிவுக்கு வரக் கூடாது என்று கேட்பார்கள். பழைய வினாத்தாள்கள் போதும், கோச்சிங் சென்டர் வேண்டாம். நிம்ஹான்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. மும்பை டி.ஐ.எஃப்.ஆரில் விதிதா வைத்யாவின் குழு, செரட்டோனினும் இளமையில் பட்ட அழுத்தமும் பிற்கால மனநிலையை எப்படிச் செதுக்குகின்றன என்று ஆராய்கிறது. வைத்யா அதற்காக 2022இல் இன்போசிஸ் பரிசு பெற்றவர். நேர்காணலில் “இந்தியாவில் யார் இதைச் செய்கிறார்கள்” என்று கேட்டால், அமெரிக்கப் பெயர்களை ஒப்பிக்காமல் இப்படி நான்கு பெயராவது சொல்லத் தெரிய வேண்டும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படும் தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வுக்கட்டுரையில் இருக்கும் ஆங்கிலம் நாவல் ஆங்கிலம் இல்லை. ஐந்நூறு சொல்தான் திரும்பத் திரும்ப வரும். முதலில் படங்களைப் பாருங்கள், பிறகு படக்குறிப்பு, கடைசியில் முன்னுரை. வாரம் ஒரு கட்டுரை என்று ஒரு வருடம் படித்தால் பயம் போய்விடும். நான் அப்படித்தான் கரையேறினேன்.

கைடு பார்ப்பது மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டம்

நிறுவனத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், கைடைப் பார்த்துச் சேருங்கள். ஐந்தாறு வருடம் உங்கள் சக்கரம் அவர் கையில். அவரைப் பற்றி அவரிடமே கேட்டுப் பயனில்லை. அவரிடம் படிக்கும் மூன்றாம் வருட மாணவரைத் தனியாக, டீக்கடையில் பிடியுங்கள். கேட்க வேண்டியவை: போன மாணவர் எத்தனை வருடத்தில் முடித்தார்? பாதியில் விட்டவர்கள் உண்டா, ஏன்? கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்பதை எப்போது முடிவு செய்கிறார்? தீபாவளிக்கு ஊருக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமா, சொல்லிவிட்டுப் போகலாமா? சோதனை தோற்றால் என்ன சொல்வார்? பதிலைவிட, பதில் சொல்லுமுன் அந்த மாணவர் சுற்றுமுற்றும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

விதிகளும் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கின்றன, பலருக்குத் தெரிவதில்லை. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பெண்களுக்குக் கூடுதல் அவகாசமும், பேறுகாலத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்குமாக 240 நாள்வரை விடுப்பும் உண்டு. ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுமுன் மாணவர் நேரில் வேலையைச் சொல்ல வேண்டும். பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது. இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு. அந்தக் குழுக் கூட்டத்தைச் சடங்காக நடத்திக் கையெழுத்து வாங்கிப் போகாதீர்கள். கைடைத் தவிர வேறு இரண்டு பேருக்கு உங்கள் நிலைமை தெரிவது அங்கே மட்டும்தான். பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். “இன்று பேசியபடி” என்று தொடங்கும் நான்கு வரி பின்னால் பல சண்டையைத் தவிர்க்கும்.

இன்னொன்று என் தவறிலிருந்து. ஒரே சோதனையில் எல்லாக் காசையும் வைக்காதீர்கள். பெரிய ஆய்வு தோற்றால் தோற்கட்டும். பக்கத்தில் சின்னதாக, உறுதியாக முடியக்கூடிய ஒரு வேலை எப்போதும் ஓடட்டும். ஒரு பைத்தான் நிரல், ஒரு மதிப்புரைக் கட்டுரை, ஜூனியருக்குச் சாயம் போடக் கற்றுத் தருவது, எதுவானாலும் சரி. குறுவை போனால் சம்பா என்பதுபோல. அந்தச் சின்ன வேலைதான் உங்கள் சக்கரம்.

உங்களுக்கே வந்தால்

இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, மனம் இருண்டோ எதிலும் நாட்டமில்லாமலோ இருந்து, தூக்கமும் பசியும் தெம்பும் கெட்டுப்போயிருந்தால் அதைச் சோம்பல் என்று திட்டிக்கொள்ளாதீர்கள். மூளையைப் பற்றிப் படிக்கிறவனுக்கே இது வருமா என்று நான் வெட்கப்பட்டு எட்டு மாதம் கழித்தேன். நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், இருபதில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்திருந்தது. அவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. அந்த 85இல் ஒருவராக நானும் இருந்தேன்.

14416. டெலி–மானஸ் எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழையுங்கள், பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் புறநோயாளிச் சீட்டு வாங்கிப் போகலாம். மருந்து கொடுத்தால் இரண்டாம் நாளே தெளியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். செரட்டோனின் அளவு சில மணி நேரத்தில் மாறிவிடும், மனம் தேற வாரக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட அந்த வாரங்களில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதே பெரிய ஆராய்ச்சி. உங்கள் பி.எச்டி. தலைப்புகூட அங்கே இருக்கலாம்.

வேலைக்கு வருவோம். முடித்தவர்கள் எல்லோரும் பேராசிரியர் ஆவதில்லை. பெரும்பாலோர் ஆவதில்லை என்பதுதான் உண்மை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் மருந்து ஆய்வு நிறுவனங்கள் எலி நடத்தைச் சோதனை தெரிந்தவர்களை எடுக்கின்றன. நுண்ணோக்கிப் படங்களைக் கணினியில் அலசத் தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி. சென்னையில் 1984இல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனநல அமைப்பு போன்ற இடங்களில் மருத்துவமனையும் ஆய்வும் சேர்ந்தே நடக்கும். எலி தொடாமல் மனிதர்களிடம் ஆராய விரும்புகிறவர்களுக்கு அது ஒரு கதவு. மருத்துவ எழுத்து, கல்லூரி ஆசிரியர் பணி, மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பு எல்லாம் உண்டு. எம்.எஸ்சி. முடித்ததும் நேராகப் பி.எச்டி.யில் குதிக்காமல், ஒரு வருடம் திட்ட உதவியாளராக வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்தவர்கள் பாதியில் விட்டு ஓடுவது குறைவு என்பது நான் கண்ட அளவில் சொல்வது.

இவ்வளவையும் கரையில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே, “எலிக்கெல்லாமா தம்பி டென்ஷன் வருது?” என்றார். வருகிறது என்றேன். “அடைச்சு வச்சா வராதா பின்ன” என்று தானே பதில் சொல்லிக்கொண்டார்.

போன வாரம் அந்தப் பெண் கோடைக்கால விண்ணப்பத்தின் முதல் பத்தியை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ‘பேஷனேட்’ என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் அடித்துவிட்டு, கொள்முதல் நிலையத்தில் அவர் அப்பா நெல்லோடு படுத்திருந்த இரவைப் பற்றி என்னிடம் சொன்னதை அங்கே எழுதச் சொன்னேன். அதைப் போய் அறிவியல் விண்ணப்பத்தில் எழுதலாமா சார் என்று கேட்டிருக்கிறார். எழுதுங்கள், கீழேயே 2002 எலி ஆய்வைப் பற்றி இரண்டு வரியும் எழுதுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.